தங்கக் குதிரை என்று நான் நினைத்த செவலை

என் மகள் சனிக்கிழமைதோறும் குதிரையேற்றம் பழகும் லாயம், ஷ்டுட்கார்ட்டில் நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரம். அங்கே அவளுக்கு ஒதுக்கியிருப்பது நீரோ என்ற ஹாஃப்லிங்கர் குதிரை. குட்டை, தடித்த கழுத்து, யார் என்ன சொன்னாலும் தனக்குத் தோன்றும்போதுதான் நகரும். ஆனால் பார்க்க அப்படி ஒரு அழகு: உடம்பு முழுக்க சாயங்கால வெயில் பட்ட வைக்கோல் போலப் பொன் நிறம், பிடரியும் வாலும் தும்பைப்பூ வெள்ளை. முதல் நாளே படம் எடுத்து ஊரில் இருக்கும் எல்லாருக்கும் 'தங்கக் குதிரை' என்று அனுப்பிவிட்டேன். எங்கோ படித்த ஞாபகத்தில் 'பலோமினோ' என்ற பெயரையும் சேர்த்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் லாயத்துக்காரம்மாவிடமும் அதே மேதாவித்தனத்தைக் காட்டினேன். "என்ன அழகான பலோமினோ!" சேணத்தைத் துடைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இல்லை, அது ஃபுக்ஸ்" என்றார்.

ஃபுக்ஸ் என்றால் ஜெர்மனில் நரி. குதிரைக்காரர்கள் பேச்சில் செந்நிறக் குதிரைக்கு அதுதான் பெயர். இங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்: கறுப்பு என்றால் ரப்பே, உடம்பு பழுப்பாகவும் பிடரியும் வாலும் கால்களும் கறுப்பாகவும் இருந்தால் பிரவுனர், வெள்ளை என்றால் ஷிம்மல் (ரொட்டியில் பூக்கும் பூஞ்சைக்கும் இதே சொல்தான், பாவம் அந்தக் குதிரைகள்). இதைக் கேட்டபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. காங்கேயம் பக்கத்தில் பிறந்தவனுக்கு மாட்டை 'சிவப்பு மாடு' என்று யாராவது சொன்னால்தான் சிரிப்பு வரும். சாம்பல் என்றால் மயிலை, சிவப்பு என்றால் செவலை, கறுப்பு என்றால் காரி என்றுதானே பழக்கம். ஆக நீரோ ஒரு செவலை. சும்மா வெளிர் செவலை, பிடரி மட்டும் வெளுத்தது, அவ்வளவுதான். போதாததற்கு நீரோ என்றால் இத்தாலிய மொழியில் கறுப்பு என்று அர்த்தமாம்.

ஹாஃப்லிங்கர் இனத்தில் எல்லாக் குதிரையுமே செவலைதான். இன்று இத்தாலியின் வடக்கில் இருக்கும் தெற்குத் திரோல் மலைப் பகுதியில் 1874இல் பிறந்த, 249 ஃபோலி என்று எண்ணும் பெயருமாகக் குறிப்பிடப்படும் ஒரே ஆண் குதிரையின் வம்சத்தில்தான் இன்றைய ஹாஃப்லிங்கர்கள் அத்தனையும் வருகின்றன. அதன் தகப்பன் பாதி அரபு ரத்தம், தாய் உள்ளூர் மலைக்குதிரை. ஒரே முன்னோர் என்பதால் நிறம் இப்படிக் கெட்டிப்பட்டுவிட்டது.

சரி, பார்வைக்கு இரண்டும் தங்கமாகத்தானே இருக்கின்றன, ஒன்றை நரி என்கிறார்கள், இன்னொன்றைப் பலோமினோ என்கிறார்கள், எதை வைத்து? இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவன்தான், இரண்டு மாதம் இதிலேயே கிடந்தேன்.

குதிரையின் முடியில் இருப்பது இரண்டே நிறமிகள். ஒன்று கறுப்பு, இன்னொன்று சிவப்பு. எந்தக் குதிரையின் எந்த நிறமானாலும் இந்த இரண்டையும் எங்கே வைப்பது, எவ்வளவு நீர்க்க விடுவது என்பதில்தான் இருக்கிறது. கறுப்பு நிறமியைச் செய்யச் சொல்லும் சுவிட்ச் எம்சி1ஆர் என்ற மரபணு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று எந்த மரபணுவும் இரண்டு பிரதியாக வரும். அது இரண்டு பிரதியிலும் பழுதானால் குதிரையால் கறுப்பு முடி போடவே முடியாது, சிவப்பு மட்டுமே மிஞ்சும். அதுதான் செவலை. இந்தப் பழுதை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 1996இல் அடையாளம் கண்டார்கள்: புரதத்தின் 83ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல் அலனின். ஒரே ஒரு எழுத்துப் பிழை. மனிதர்களில் ஐரிஷ்காரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் சிலருக்கு இருக்கும் அந்தச் செம்பட்டைத் தலைக்கும் இதே மரபணுதான் காரணம். பிழை விழுந்த இடங்கள் மட்டும் வேறு.

தங்கம் இந்தச் செவலையின் மேல் கட்டப்படும் இரண்டாவது மாடி. 'கிரீம்' என்று ஒரு மரபணு வடிவம் இருக்கிறது. அது ஒரு பிரதி கிடைத்தால் சிவப்பு நிறமி நீர்த்துப் பொன்னாகிறது, பிடரியும் வாலும் வெள்ளையாகின்றன. இதுதான் பலோமினோ. இரண்டு பிரதியும் கிடைத்துவிட்டால் தங்கமும் போய்விடும். பால் கோவா நிறத்தில் உடம்பு, இளஞ்சிவப்புத் தோல், நீலக் கண். அதற்குக் கிரெமெல்லோ என்று பெயர். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்திமந்தாரை ஞாபகம் இருக்கும், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பைச் சேர்த்தால் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. 'முழுமையற்ற ஓங்குத்தன்மை' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான். அன்றைக்கு அந்த வாத்தியார் பூவுக்குப் பதில் ஒரு குதிரைப் படத்தைக் காட்டியிருந்தால் நான் பின்வரிசையில் தூங்கியிருக்க மாட்டேன்.

இதில் எனக்குத் தலை சுற்றியது என்னவென்றால், பலோமினோ ஒரு இனம் கிடையாது, இனமாக ஆகவும் முடியாது. இரண்டு பலோமினோவைச் சேர்த்தால் குட்டி பலோமினோவாகப் பிறக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம்தான். இருபத்தைந்து சதவீதம் வெறும் செவலை, மீதி இருபத்தைந்து கிரெமெல்லோ. எத்தனை தலைமுறை பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏனென்றால் தங்கம் என்பதே ஒரு பிரதி இருக்கும் நிலைக்குப் பெயர், அந்த ஒற்றைப் பிரதியை யாராலும் 'கெட்டிப்படுத்த' முடியாது. குட்டிக்கு நூற்றுக்கு நூறு தங்க நிறம் வேண்டுமென்றால் தங்க நிறமே இல்லாத இரண்டு குதிரைகளைத்தான் சேர்க்க வேண்டும்: ஒரு செவலை, ஒரு கிரெமெல்லோ. அதாவது நம்ம நீரோவையும் ஒரு கிரெமெல்லோப் பெட்டையையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் ஒன்றுவிடாமல் பலோமினோவாக இருக்கும். நீரோவைக் காயடித்துப் பல வருடமாகிறது என்பது வேறு விஷயம்.

இதே கிரீம் ஒரு பிரதி பழுப்புக் குதிரைக்குக் கிடைத்தால் உடம்பு பொன்னாகும், ஆனால் கறுப்புப் பிடரியும் கறுப்புக் காலும் அப்படியே நிற்கும். அது பக்ஸ்கின். கறுப்புக் குதிரைக்குக் கிடைத்தால் வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு பிரதி கிரீமுக்குச் சிவப்பை நீர்க்கச் செய்யும் தெம்பு உண்டு, கறுப்பைத் தொட அவ்வளவு தெம்பு இல்லை. அதனால்தான் கறுப்பு என்று நம்பி வைத்திருந்த குதிரைக்குத் திடீரென்று பொன் குட்டி பிறந்து, பக்கத்துப் பண்ணைக்காரர் மேல் சந்தேகம் விழுந்த கதைகளெல்லாம் உண்டு.

கிரீம் உட்கார்ந்திருக்கும் மரபணுவின் பெயர் எஸ்எல்சி45ஏ2. 2003இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 153ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் அஸ்பராஜின், இங்கேயும் ஒற்றை எழுத்துதான். நிறமி தயாராகும் பைகளின் சுவரில் இருந்துகொண்டு சரக்கைக் கடத்தும் புரதம் இது. அது சரியாக வேலை செய்யாவிட்டால் பைக்குள் நிறமி ஒழுங்காகச் சேராது. இந்த மரபணுவின் பெயரைத் தட்டித் தேடியபோது முதலில் வந்தது குதிரை இல்லை, வெள்ளைப் புலி. 1951இல் ரீவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வம்சத்தில் வந்தவைதானே இன்று காட்சிசாலைகளில் இருக்கும் பெரும்பாலான வெள்ளைப் புலிகள், அவற்றின் நிறத்துக்கும் இதே மரபணுவில் விழுந்த வேறொரு பிழைதான் காரணம் என்று 2013இல் சீன ஆய்வுக் குழு ஒன்று சொன்னது. யோசித்துப் பாருங்கள், வெள்ளைப் புலிக்கு ஆரஞ்சு போய்விட்டது, கறுப்பு வரி நிற்கிறது. பக்ஸ்கினில் நடப்பதும் அதுதான், சிவப்பு நீர்க்கிறது, கறுப்பு நிற்கிறது. வண்டலூரில் வெள்ளைப் புலிக் கூண்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன், அப்போது யாராவது இது குதிரைக்காரர்கள் விஷயம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மனிதர்களிலும் இதே மரபணு முற்றாகப் பழுதானால் ஒரு வகை வெண்தோல் குறைபாடு வருகிறது. லேசான இன்னொரு மாற்றம் ஐரோப்பியர்களின் வெளிர் தோலுக்கு ஒரு காரணம். லாயத்தில் என்னைச் சுற்றி நிற்கும் ஜெர்மானியர்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு வேறு மாதிரி எண்ணம் ஓடுகிறது. வெளியில் சொல்வதில்லை.

ஜெர்மனில் பலோமினோவுக்குப் பழைய பெயர் இசபெல். இதற்கு ஒரு நாறும் கதை உண்டு. ஸ்பானிய இளவரசி இசபெல்லா கிளாரா யுஜீனியா, ஒஸ்டெண்ட் நகரத்தின் முற்றுகை முடிந்து நகரம் கைக்கு வரும்வரை உள்ளாடையை மாற்ற மாட்டேன் என்று சபதம் போட்டாராம். முற்றுகை 1601இல் தொடங்கி 1604 வரை இழுத்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தத் துணி என்ன நிறத்தில் இருந்ததோ அதுதான் இசபெல்லா நிறமாம். பாஞ்சாலி கூந்தல் முடியாத சபதமே தேவலை. ஆனால் கதை பொய். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் 1600ஆம் ஆண்டு உடைப் பட்டியலிலேயே இசபெல்லா நிறத்தில் ஒரு பட்டு அங்கி இருக்கிறது, முற்றுகைக்கு ஒரு வருடம் முன்னாலேயே. பொய்யாக இருந்தாலும், அழுக்குப் பொன் என்று ஒரு நிறம் இருக்கிறதல்லவா, அதை இவ்வளவு கச்சிதமாக வேறு எந்தக் கதையும் சொல்லவில்லை.

நிறத்தின் ஆழமும் ஒரே மாதிரி இருக்காது. அமெரிக்காவில் பலோமினோவுக்கென்றே பதிவுச் சங்கங்கள் இருக்கின்றன, புதிதாக அச்சடித்த தங்கக் காசின் நிறம்தான் லட்சியம், அதிலிருந்து கொஞ்சம் இப்படி அப்படி இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் பழைய தங்கக் காசில் பத்தில் ஒரு பங்கு செம்பு என்பதால் அந்தப் பொன் கொஞ்சம் சிவந்தது, நம் ஊர் 916க்குப் பக்கத்தில் வரும். நிஜத்தில் பலோமினோக்கள் கிட்டத்தட்ட வெள்ளையில் தொடங்கி, கரி தடவியது போன்ற கருந்தங்கம், சாக்லேட் நிறம் வரைக்கும் இருக்கும். போதாததற்கு ஒரே குதிரையே பனிக்காலத்து அடர்முடியில் வெளிறித் தெரியும், கோடையில் முடி உதிர்ந்து புது முடி வந்ததும் பொன் ஏறிவிடும். ஜனவரியில் எடுத்த படத்தை வைத்து விற்கும் குதிரையை ஜூனில் பார்த்தால் வேறு குதிரை என்று சண்டைக்குப் போகத் தோன்றும். குட்டியாகப் பிறக்கும்போதும் நிறம் ஏமாற்றும். இது எனக்குப் புதிதில்லை, காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாக மாறுவதைப் பார்த்தே வளர்ந்தவன்.

பழைய கௌபாய் படங்களின் டிரிகரையும் சொல்லாமல் விட முடியாது. நடிகர் ராய் ராஜர்ஸின் குதிரை, 1934இல் பிறந்தது, முதலில் வைத்த பெயரே 'கோல்டன் கிளவுட்'. 1965இல் செத்த பிறகு தோலைப் பாடம் செய்து பின்னங்காலில் எழுந்து நிற்பது போல வைத்தார்கள். 2010இல் அது 2,66,500 டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்கர்கள் மனதில் தங்கக் குதிரை என்றால் இன்றைக்கும் இந்த உருவம்தான்.

அமெரிக்காவிலேயே நான் மேலே அடித்துச் சொன்னதைப் பாதி பொய்யாக்கும் குதிரை ஒன்றும் இருக்கிறது. பலோமினோ தலைமுறைக்குத் தலைமுறை நிலைக்காது என்றேன், அது கிரீமுக்குத்தான். ஷாம்பெயின் என்று இன்னொரு மரபணு இருக்கிறது, எஸ்எல்சி36ஏ1, 2008இல் கண்டறிந்தார்கள். இது செவலைக்கு ஒரு பிரதி கிடைத்தாலும் தங்கம்தான், இரண்டு கிடைத்தாலும் ஏறத்தாழ அதே தங்கம்தான், வெளுத்துப் போகாது. ஆக இரண்டு பிரதி உள்ள தங்க ஷாம்பெயினையும் இன்னொரு தங்க ஷாம்பெயினையும் சேர்த்தால் குட்டி நிச்சயம் தங்கம்! அயோவா மாநிலத்தில் 1911இல் பண்ணை ஏலம் ஒன்றில் வாங்கிய 'ஓல்ட் கிரானி' என்ற பெட்டையின் வழியாக வந்த அமெரிக்கன் கிரீம் டிராஃப்ட் என்ற வண்டிக்குதிரை இனத்துக்குப் பெயரில்தான் கிரீம், மரபணு ஷாம்பெயின். பெயர் வைத்தபோது யாருக்கும் இது தெரியாது, இப்போது மாற்றவும் முடியாது. தூரத்தில் பார்த்தால் பலோமினோ என்றே நினைப்போம். கிட்டப் போய்க் கண்ணையும் மூக்கையும் பார்க்க வேண்டும். பலோமினோவுக்குக் கண் பழுப்பு, தோல் கறுப்பு. ஷாம்பெயினுக்குக் கண் தேன் நிறம், தோல் இளஞ்சிவப்பு, அதில் கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் வாலுக்கடியிலும் மிளகு தூவினாற்போலப் புள்ளிகள். குட்டியாக இருக்கும்போது கண் நீலம், போகப் போகத்தான் தேன்.

டன் என்ற வெளிறிய நிறம் வருவது இன்னும் வேறு வழி. முதுகில் நடுவே ஒரு கோடு ஓடுமே, நார்வே குதிரைகளுக்கு இருப்பது போல, அது. டிபிஎக்ஸ்3 என்ற மரபணு, 2016இல் வந்த ஆய்வு. இதில் நிறமி நீர்க்கவே இல்லை, முடியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறுகிறது, மறு பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதனால் மொத்தத்தில் வெளிறித் தெரிகிறது. படித்துவிட்டு என் நரைமுடி ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கு இரண்டு பக்கமும் வெறுமைதான்.

அகல்தேக்கே பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், 'உலகிலேயே அழகான குதிரை' என்று வாட்ஸப்பில் சுற்றும் அந்த உலோகப் பளபளப்பு. துர்க்மெனிஸ்தானின் அரசுச் சின்னத்தின் நடுவிலேயே இந்த இனக் குதிரைதான் நிற்கிறது. அதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. பொன் நிறத்துக்குக் காரணம் நமக்குத் தெரிந்த அதே கிரீம். பளபளப்பு தனி, அது முடியின் அமைப்பால் வருவது, ஒளி அதில் பட்டுச் சிதறும் விதத்தில் இருக்கிறது. கறுப்பு அகல்தேக்கேயும் மின்னும். 1956இல் சோவியத் தலைவர்கள் எலிசபெத் ராணிக்கு மெலெகுஷ் என்ற பொன் அகல்தேக்கேயைப் பரிசாகக் கொடுத்தபோது, அரண்மனை லாயக்காரர்கள் ஏதோ மெருகெண்ணெய் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார்களாம், ஈரத்தில் இன்னும் அதிகமாக மின்னியதாம். லாயத்துக்காரர்கள் சொல்லும் கதை, எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, சுத்த அரபுக் குதிரையில் கிரீம் மரபணுவே கிடையாது. 'பலோமினோ அரபு' என்று யாராவது விற்க வந்தால் ஒன்று அது வெளிர் செவலை, இல்லையென்றால் அது சுத்த அரபு இல்லை. எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் மார்பாக் அரசுப் பண்ணையில் அரபுப் பெட்டைகளின் 'வெள்ளி மந்தை' பிரசித்தம். வெள்ளி மந்தை வைத்திருக்கிறார்கள், தங்க மந்தை ஏன் இல்லை என்று போன வருடம் என் மகள் கேட்டபோது பதில் தெரியாமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

இத்தனையையும் படித்து முடித்த சமயத்தில்தான் லாயத்தில் ஒரு பெட்டைக் குதிரை சினையாக இருந்தது. நிஜமான பலோமினோ, வாடகைக்குக் கட்டியிருக்கும் ஒரு பெண்ணுடையது, வயிற்றில் இருந்த குட்டியின் அப்பனும் பலோமினோ. பதினோரு மாதம் காத்திருக்க வேண்டும், குதிரைக்கு அவ்வளவு. லாயத்தில் பந்தயம் வைத்தார்கள், தோற்றவர்கள் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். நான் தாள் எடுத்துக் கட்டம் போட்டு, நாலு கட்டத்தையும் நிரப்பி, ஐம்பது சதவீதம் பலோமினோ, எதிலும் இதைவிட வாய்ப்பு கிடையாது என்று எல்லாருக்கும் பாடம் எடுத்து, பலோமினோ மேல் கட்டினேன். மகள் கிரெமெல்லோ, அவளுக்கு நீலக் கண் வேண்டுமாம். லாயத்துக்காரம்மா மட்டும் தாளைப் பார்க்காமலே கரும்பலகையில் 'ஃபுக்ஸ்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மே மாதம் ஒரு ராத்திரி குட்டி பிறந்தது, பார்வைக்குச் செவலை. எனக்கு நம்பிக்கை போகவில்லை, குட்டி நிறம் ஏமாற்றும் என்று படித்திருக்கிறேனே, பொறுங்கள் என்றேன். குட்டியின் பிடரி முடியை வேரோடு பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த முடிவில் கிரீம் பிரதி பூஜ்யம்.

அடுத்த சனிக்கிழமை கேக்குக்குப் பதில் நெய் வழிய ரவா கேசரி கிண்டிக்கொண்டு போனேன். எல்லாரும் வாங்கித் தின்றார்கள். லாயத்துக்காரம்மா கரண்டியோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த மரபணு?" என்று கேட்டார். கலர் பொடி என்று சொல்ல மனமில்லாமல் குங்குமப்பூ என்றேன். மகள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.